மார்க்கண்டு அண்ணை சுற்றிய சக்கரம்

மார்க்கண்டு அண்ணையைப் போல ஒரு பிடிவாதக்காரரை அச்சுவேலியில் நான் கண்டதில்லை. புகையிலைத் தோட்டக்காரர். அயலெல்லாம் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் மாறியபோதும் அவர் மாறவில்லை. ஒன்றை மனதில் பிடித்தாரென்றால் உடும்புப்பிடிதான். பக்கத்து வளவுக்காரனான என்னோடும் எல்லை வேலியில் நட்ட கதியால் ஒன்றுக்காகக் கனகாலம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நானும் விட்டுக்கொடுக்கிற ஆளில்லை. அவருடைய மனைவி குணலட்சுமி அக்காவுக்கு வாயில் புற்றுநோய் என்று கேள்விப்பட்ட அன்றுதான் நானாகவே படலையைத் திறந்துகொண்டு போனேன்.

அக்கா வெற்றிலை போடுவா. தன் தோட்டத்துப் புகையிலையில் நல்லதாகப் பார்த்து, மெல்லிசாக நறுக்கி, மனைவியின் வெற்றிலைத் தட்டத்தில் வைத்துவிட்டுத்தான் அண்ணை காலையில் வெளிக்கிடுவார். ஊரில் வேறு எந்த ஆம்பிளையும் இப்படிச் செய்ததில்லை. அதைச் சொல்லி நாங்கள் அவரைப் பகிடி பண்ணுவோம். கொழும்பு ஆஸ்பத்திரியில் டொக்டர், "இவ புகையிலை போடுறவவோ?" என்று கேட்டாராம். அண்ணை தலையைக் குனிந்துகொண்டு நின்றாராம்.

அது தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. சண்டையில் தரைப் பாதை பூட்டிக் கிடந்தது. கிளாலிக் கடலை வள்ளத்தில் கடந்து கொழும்புக்குப் போய், கதிர்ச் சிகிச்சை செய்துகொண்டு திரும்பி வந்தார்கள். கட்டி வற்றிவிட்டது. ஆனால் வாய் வெந்துபோயிற்று. நாக்கு, கன்னத்து உட்பக்கம், தொண்டை எல்லாம் புண். தண்ணீர் பட்டாலே அக்கா துடித்துப்போவா. புண் மெல்ல மெல்ல ஆறுமாம். அதுவரைக்கும் எதையாவது விழுங்கிக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் உடம்பு தாங்காது என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். அக்காவோ நாளுக்கு நாள் வற்றிக்கொண்டு போனா.

அண்ணை கடைசியாய்ப் போய் நின்றது பல் டொக்டர் துரைராஜாவிடம். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர், தன் வீட்டு முன்னறையிலேயே வைத்தியம் பார்க்கிறவர். ஜேர்மனியில் இருந்த அவருடைய மகள், சண்டை திரும்பத் தொடங்குவதற்கு முன்பு வந்தபோது, தடித்த பேனை மாதிரி ஒரு லேசர்க் கருவியைக் கொண்டுவந்து கொடுத்திருந்தா. வெட்டுகிற லேசர் இல்லை, பட்டால் சூடுகூடத் தெரியாது. பல்லுப் பிடுங்கின புண் ஆறவும், தாடை மூட்டு நோவுக்கும், கதிரில் வெந்த வாய்க்கும் வெளிநாட்டில் அதைப் பிடிக்கிறார்களாம்.

"சுகமாக்கிப்போடுமெண்டு நான் சொல்லமாட்டன், மார்க்கண்டு. சில பேருக்கு நோ குறையுது, புண் கெதியா ஆறுது எண்டு எழுதியிருக்கினம். ஆனா இதுக்குப் பற்றறி வேணும். பற்றறிக்கு எங்கை போறது?" என்றார் டொக்டர்.

பற்றறி, அரசாங்கம் யாழ்ப்பாணத்துக்கு வரவிடாமல் தடைசெய்த சாமான். மின்சாரமும் எப்போதோ போய்விட்டது.

"பற்றறி இல்லாட்டி என்ன டொக்டர்? எங்கடை வீட்டு ரேடியோ பாடேல்லையே?" என்றார் அண்ணை.

அவர் கேட்டது நியாயம்தான். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற மின்சாரத்தில்தான் ஊரே செய்தி கேட்டது. ரேடியோ பாடினால் லேசரும் வேலை செய்யும் என்று எங்களுக்குத் தோன்றியது. அந்த நாளில் யாழ்ப்பாணத்து ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் அப்படித் தோன்றியிருக்காது.

பிறகு பின்னேரம் தோறும் இதுதான். அண்ணை அக்காவைக் கரியரில் இருத்தி, டொக்டர் வீட்டுக்குச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவார். அக்காவை இறக்கிக் கதிரையில் இருத்திவிட்டு, அதே சைக்கிளைத் தலைகீழாகத் திருப்புவார். டொக்டர் டைனமோ வயரைப் பேனையில் கொழுவுவார். நான் சைக்கிளைச் சரியாமல் பிடித்துக்கொள்வேன். அவர் சுற்றுவார். பேனையின் தலையில் சிவப்பாய் ஒரு விளக்கு எரியும். டொக்டர் அக்காவின் கண்ணைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டு, புண் புண்ணாகப் பார்த்துப் பிடிப்பார். அண்ணைக்குச் சட்டையெல்லாம் தெப்பமாய் நனைந்துவிடும். கை மாற்றுவோம் என்று நான் கேட்டால் முறைப்பார்.

"எப்பிடியிருக்கு?" என்று முடிவில் கேட்பார்.

"குறையுது" என்பா அக்கா.

அந்த ஒரு சொல்லுக்காக மனுஷன் மறுநாளும் வருவார். ஆனால் அக்காவின் தோள் எலும்பு சட்டைக்கு மேலால் தெரியத் தொடங்கிற்று. குறைகிறதென்றால் ஏன் இப்படி உருகிப் போகிறா என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். அண்ணையிடம் கேட்கப் பயம்.

டொக்டரின் மனைவி மனோன்மணி ஒருநாள் வேதப் புத்தகத்தைத் தூசி தட்டும்போது அதிலிருந்து அடையாள அட்டை மாதிரி ஒரு சின்ன மட்டை விழுந்தது. கருவியோடு வந்த மட்டைதான். கெட்டியாய் இருந்ததால் வாசித்த இடத்துக்கு அடையாளமாய் அவ வைத்திருந்தா. அதைக் கண்டதும் டொக்டரின் முகம் மாறிவிட்டது. அன்று பின்னேரம் அண்ணை சுற்றச் சுற்ற, பேனையை அந்த மட்டைக்கு நேரே பிடித்துப் பார்த்தார். மட்டை இருண்டே கிடந்தது.

"மார்க்கண்டு, கொஞ்சம் வெளியாலை வாரும்."

நானும் பின்னால் போனேன்.

"உந்தச் சிவப்பு வெறும் அடையாள விளக்கு. லேசர் எங்கடை கண்ணுக்குத் தெரியாது. அது பட்டா இந்த மட்டையிலை வெளிச்சம் வரவேணும். டைனமோவுக்கு விளக்கு எரியுது, லேசர் வரேல்லை. ஒருநாளும் வந்திருக்காது."

"அப்ப, அவள் குறையுது எண்டது?"

டொக்டர் கையிலிருந்த மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு அவர் மேல் பொல்லாத கொதி வந்தது. இவ்வளவு படித்த மனுஷன் முதல் நாளே அந்த மட்டையைத் தேடியிருக்கக் கூடாதா? ஆனால் அவர் கண் கலங்கி நின்ற நிலையில் ஏச வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அண்ணை நேரே, அக்கா கஞ்சிப் பேணி கழுவுகிற கிணற்றடிக்குப் போனார். வாழையின் அடியில், அக்காவுக்கென்று காய்ச்சிய கஞ்சி ஊற்றப்பட்டு, காய்ந்து வெள்ளையாய்ப் படர்ந்திருந்தது. என் கோழிகள் ஏன் எந்நேரமும் அங்கேயே கிளறிக்கொண்டு நின்றன என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"குடிச்சனெண்டாய், லட்சுமி."

"வாய்க்குள்ளை வைக்க ஏலேல்லை."

"நோ குறையுதெண்டாய்."

"நீங்கள் வேர்க்க வேர்க்கச் சுத்தேக்கை, இல்லையெண்டு எப்பிடியப்பா சொல்லுறது?"

அண்ணை அந்த வாழையடியிலேயே இருந்துவிட்டார். "நான்தானே நறுக்கித் தந்தனான், என்ரை கையாலை நான்தானே தந்தனான்" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார். அப்படி ஒரு ஆம்பிளை அழுது நான் பார்த்ததில்லை. இனியும் பார்க்க வேண்டாம்.

மறுநாள் விடிந்ததும் வீடு வீடாக ஏறி இறங்கினார். ரேடியோக்களில் இருந்த பற்றறிகள் எப்போதோ செத்துப்போய்விட்டன. கொஞ்சமாவது உயிர் இருந்தது சுவர் மணிக்கூடுகளில்தான். யாரிடமும் எதையும் கேட்டு நிற்காத மனுஷன், படலைக்குப் படலை நின்று, "மணிக்கூட்டுப் பற்றறியைத் தருவியளோ?" என்று கையேந்தினார். சிலர் கழற்றிக் கொடுத்தார்கள். சிலர் நாயை அவிழ்த்துவிட்டார்கள், அவர்களின் பெயர் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. எங்கள் வீட்டு மணிக்கூட்டை நானே இறக்கினேன். எங்கள் ஒழுங்கை வீடுகளில் அதன் பிறகு நேரம் தெரியாது.

அந்தப் பற்றறிகளைப் போட்டுப் பிடித்தபோது மட்டையில் பச்சையாய் ஒரு பொட்டு விழுந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

சில நாள் போயிருக்கும். யாரும் கேளாமலே அக்கா, "இண்டைக்குத் தண்ணி இறங்கிச்சுது" என்றா. பொய்யில்லை. எங்கள் கண்முன்னாலேயே கால் பேணி கஞ்சி குடித்தா. அண்ணை கோயில் பக்கம் பார்த்துக் கும்பிட்டார். ஆனால் அவை ஏற்கெனவே பாதி செத்த பற்றறிகள். புண் முழுக்க ஆறுமுன்னமே பச்சைப் பொட்டு மங்கி மங்கி அணைந்துவிட்டது. வெயிலில் காயவைத்தோம், உப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தோம். ஒன்றும் சரிவரவில்லை. கேட்பதற்கு வேறு வீடும் மிச்சமில்லை.

"முடிஞ்சுது" என்று டொக்டர் பேனையை மேசையில் வைத்தார். மனோன்மணி கொண்டுவந்து வைத்த கஞ்சிப் பேணி பக்கத்தில் ஆறிக்கொண்டிருந்தது. அண்ணை சுவரில் சாய்ந்து நின்றார்.

"சைக்கிளைத் திருப்புங்கோ" என்றா அக்கா.

"அதாலை ஒண்டும் வராது, லட்சுமி."

"தெரியும். நோகுது, நல்லா நோகுது. இனிப் பொய் சொல்லமாட்டன். நீங்கள் சுத்துங்கோ, நான் குடிக்கிறன்."

அண்ணை சைக்கிளைத் திருப்பினார். நான் பிடித்துக்கொண்டேன். டொக்டர் வயரைப் பேனையில் கொழுவிவிட்டார். மேசையில் கிடந்த பேனையில் சிவப்பு விளக்கு எரிந்தது. அக்கா இரண்டு கையாலும் பேணியைத் தூக்கினா. ஒவ்வொரு மிடறுக்கும் கண்ணீர் ஓடிற்று, ஆனால் பேணியை வாயிலிருந்து எடுக்கவில்லை. பேணி காலியாகும் வரைக்கும் அண்ணை சுற்றிக்கொண்டேயிருந்தார்.