கடைசி ஆளாக ஓடி முடித்த அக்கா

அக்கா போய் ஓராண்டு நிறைகிறது. கூடவே இருந்த தம்பி நான்தான் எழுத வேண்டும் என்றார்கள். எழுத உட்கார்ந்தால் அழுகை வருவதில்லை, களைப்புதான் வருகிறது. உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

விரிஞ்சிபுரத்தில், கூலி வேலை செய்த எங்கள் பெற்றோருக்கு மூத்த பெண்ணாகப் பிறந்தார் அக்கா. பத்தாவது முடித்ததும் ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்தவர், இருபத்திரண்டு வருடம் அங்கேயே உழைத்தார். அக்காவின் கணவர் காலமான பிறகு என் வீட்டோடு வந்துவிட்டார். சுகர் வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். கம்பெனித் தோழி சபீனாவும் வேறு மூன்று பெண்களும் ஞாயிறு காலையில் மைதானத்தில் ஓடுவார்கள். அக்காவும் சேர்ந்துகொண்டார். இந்த வயதில் என்ன ஓட்டம் என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். ஓடுகிற அரைமணி நேரத்தில்தான் தன்னை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேலூரில் பொதுமக்களுக்காக ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று நடந்தது. அக்காவின் பையை வைத்துக்கொண்டு நான் காத்திருந்தேன். மற்றவர்கள் ஓடி முடித்துப் பொங்கலும் சாப்பிட்டாயிற்று. தடுப்புகளை எடுத்துவிட்டார்கள், பஸ்கள் ஓடத் தொடங்கிவிட்டன. தேடிப் போனால், சாலையோரமாக அக்கா மட்டும் வந்துகொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆட்டோவை நிறுத்தி, "போதும்க்கா, ஏறு" என்றேன்.

"நீ ஏறிப் போ. நான் வர்றேன்" என்றார். நிற்கவில்லை. முடித்தபோது மெடல் தீர்ந்துபோயிருந்தது. அதற்குப் பிறகும் நான்கு ஓட்டங்களுக்குப் போனார். ஒன்றிலும் முன்னால் வந்ததில்லை.

பிறகு சிறுநீரகம் செயலிழந்தது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். காலையில் பஸ், மாலையில் திரும்புவது, மறுநாள் எனக்கு ஷிப்ட். இப்படியே ஒரு வருடம் போனது. ஒருநாள் பஸ் ஸ்டாண்டில், "என்னால முடியலக்கா" என்று சொல்லிவிட்டேன்.

அக்கா கோபப்படவில்லை. "எனக்கும் முடியலடா. இன்னிக்குப் போய்ட்டு வந்துடலாம்" என்றார். போனோம்.

அக்காதான் இதைச் சபீனாவிடம் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த வாரத்திலிருந்து வியாழக்கிழமைகளில் அந்த நான்கு பெண்களும் முறைவைத்து, லீவு போட்டு, அக்காவைக் கூட்டிப் போனார்கள். அந்த ஒருநாள் நான் தூங்கினேன்.

அக்கா பிரிந்ததும் ஒரு வியாழக்கிழமைதான். மருத்துவமனையில் அவர் கையைப் பிடித்திருந்தவர் சபீனா. தம்பி ஏன் உடன் இல்லை என்று உறவினர் சிலர் இன்றும் கேட்கிறார்கள். நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

வைத்தியம் பார்த்தவர்களுக்கும், இறுதிச் சடங்கில் கூட நின்ற அனைவருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. அந்த நான்கு பேருக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அக்காவை நீங்கள் தனியாக விடவில்லை. என்னைத் தூங்க விட்டதற்கும் நன்றி.