கீழ்க்குரல்

கண் ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில் காலை எட்டு மணிக்கே நாற்காலிகள் நிரம்பிவிடும். சொட்டு மருந்து விட்டுக்கொண்டவர்கள் தலையைச் சுவரில் சாய்த்து, கண்ணை மூடி அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். பெயரைக் கூப்பிட்டால் எழுந்து உள்ளே போக வேண்டும். கூப்பிடும் வேலை சின்னவளுடையது. அறுபத்து நான்கு வயது. மைக் கொடுத்தார்கள், வேண்டாம் என்றுவிட்டாள். அவளுக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்த பெண் ஒவ்வொரு பெயரையும் நான்கு தடவை கத்துவாளாம். சின்னவள் ஒரு தடவைதான் சொல்வாள். தூங்குகிறவர்கள்கூட நிமிர்ந்துவிடுவார்கள்.

சின்னவள் என்பது மேடையில் வந்த பெயர். ஒரு காலத்தில் ஊர் முழுக்க ஒட்டிய சுவரொட்டிகளில் ‘பெரியவளும் சின்னவளும்’ என்றுதான் போட்டிருக்கும். அக்கா பாட்டின் மெட்டைப் பாடுவாள். தங்கை அதற்குக் கீழே, வேறு சுரத்தில், அதே சொற்களைப் பாடிக்கொண்டு கூடவே வருவாள். மேல்குரல் அக்கா, கீழ்க்குரல் தங்கை. இருபத்திரண்டு வருஷம் அப்படிப் பாடினார்கள். வானொலியில் வாரத்துக்கு இரண்டு தடவையாவது அவர்களுடைய கப்பல் பாட்டு வந்துவிடும். மணிக்கூண்டு அரங்கத்தில் சனிக்கிழமை சாயங்காலம் அவர்கள் கச்சேரி என்றால் எதிர்க் கடைக்காரர் அரை மணி முன்னதாகவே கதவைச் சாத்திவிட்டு வந்து உட்காருவார். இசைத்தட்டின் உறையில் அக்காவின் முகம் பெரிதாக இருக்கும். தங்கையின் முகத்தில் பாதி அக்காவின் தோளுக்குப் பின்னால் போயிருக்கும்.

அப்புறம் காலம் மாறியது. பாட்டோடு ஆட்டமும் வேண்டும் என்றார்கள். வாத்தியக்காரர்களுக்குப் பதில் ஒரு பெட்டி போதும் என்றார்கள். குழு கலைந்தது. அக்காவின் கணவர் அந்தக் குழுவில் டிரம் வாசித்தவர், அதற்கடுத்த வருஷமே போய்ச் சேர்ந்தார். தங்கைக்குக் கல்யாணப் பேச்சு இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் வெளியூர்க் கச்சேரி குறுக்கே வந்தது. மூன்றாவது தடவை யாரும் பேச்செடுக்கவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்பு அக்காவுக்குக் கழுத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. கட்டி போனது, குரலும் கூடவே போனது. இப்போது அவள் பேசினால் காகிதத்தைக் கசக்குகிற மாதிரி இருக்கும். பள்ளிச் சீருடைகளை வீட்டுக்கு வாங்கிவந்து பொத்தான் தைத்துக் கொடுக்கிறாள். தங்கை ஒரு கூரியர் கம்பெனியில் தொலைபேசி எடுத்தாள், பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்தாள், கடைசியில் கண் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். ஒரு அறை, ஒரு சமையலறை.

ஒரு நாள் காலையில், மூன்றாவது வரிசையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“இந்தக் குரல் எனக்குத் தெரியும்” என்றார்.

“கண்ணைத் திறக்காதீங்க ஐயா. மருந்து வெளிய வந்துடும்.”

“திறக்கல. நீ சின்னவதானே? ரெண்டாவது சொல்லுல எப்பவும் ஒரு இழை தாமதமா வருவே. எத்தனை தடவை திட்டியிருப்பேன். இப்ப பேர் கூப்பிடும்போதும் அப்படியேதான் வர்றே.”

அவர் மாஸ்டர். குழுவை நடத்தியவர், அக்கார்டியன் வாசித்தவர். அவளை அவள் குரலை வைத்து அடையாளம் கண்ட முதல் ஆள் அவர்தான். தோள்பட்டை தாங்கவில்லை என்று அக்கார்டியனை விற்று ஒன்பது வருஷமாகிறது என்றார். மகன் வீட்டில், துணி துவைக்கும் இயந்திரம் இருக்கிற அறையில் அவருக்கும் ஒரு கட்டில் போட்டிருக்கிறார்கள். இரண்டு பள்ளிக்கூடங்களில் பியானோவுக்குச் சுருதி சேர்த்துக் கொடுக்கிறார். “வேற என்ன, ஓடுது” என்றார். பிறகு, மணிக்கூண்டு அரங்கத்தைப் புதுப்பித்துத் திறக்கப்போகிறார்கள் என்றும், பழைய ஆட்களை வைத்து அரை மணி நேரம் நடத்தித் தரச்சொல்லித் தன்னைக் கேட்டிருக்கிறார்கள் என்றும் சொன்னார்.

“பழைய ஆளுங்க யாரு இருக்காங்க மாஸ்டர்?”

“எண்ணிப் பார்த்தேன். நாம மூணு பேர்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கண்ணில் கட்டோடு வீட்டுக்கு வந்தார். பெரியவள் பொத்தானிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டாள்.

“குரல் இல்லாம மேடை ஏறி நான் என்ன பண்ண? வாயசைக்கவா?”

“நீ வேண்டாம்மா. சின்னவ பாடட்டும்.”

“அவ எதைப் பாடுவா? அவளுக்குப் பாட்டே தெரியாதே.”

சின்னவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் மாஸ்டர் போன பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டே கப்பல் பாட்டைப் பாடிப் பார்த்தபோது, அக்கா சொன்னது நிஜம் என்று தெரிந்தது. அவளுக்குத் தெரிந்தது கீழ்க்குரல்தான். மெட்டு காதுக்குள் கேட்கிறது, வாயைத் திறந்தால் வேறொன்று வருகிறது. முதல் வரியை எப்படியோ பிடித்தாள். இரண்டாவது வரியில் குரல் தானாகவே இறங்கிப் பழைய பாதைக்குப் போய்விட்டது.

மூன்று வாரம் சமையலறையில் பயிற்சி நடந்தது. அக்கா மேசையில் விரலால் தட்டுவாள். குரல் வராததால், மெட்டு ஏறும் இடத்தில் கையை உயர்த்திக் காட்டுவாள்.

“மேலே போடி.”

“மேலதான் போறேன்.”

“அது கீழே. அது உன் வழி.”

நாலாவது நாளில் சின்னவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “சரி, என் வழியை நீ பாடிக் காட்டு. குரல் வேண்டாம், கையாலேயே காட்டு.”

அக்கா கையைத் தூக்கினாள். கை அந்தரத்தில் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து இறக்கிக்கொண்டாள்.

“எனக்கு எப்படித் தெரியும்? நீ பாடும்போது நானும்தானே பாடிட்டு இருந்தேன்.”

“இருபத்திரண்டு வருஷம்.”

“உன்னைக் கேட்டா நான் தடுமாறிடுவேன்னு மாஸ்டர் முதல் நாளே சொல்லிட்டார். கேக்காம இருக்கப் பழகிட்டேன்.”

சின்னவள் அடுப்பை அணைத்துவிட்டு, நின்ற இடத்திலேயே கீழ்க்குரலை முதலிலிருந்து கடைசிவரை தனியாகப் பாடினாள். அப்படி அவளும் அதுவரை பாடியதில்லை. அக்கா ஒரு சட்டைக்கு நாலு பொத்தான் தைத்து முடித்தாள்.

“இதுல ஒரு சோகம் இருக்கே” என்றாள். “சந்தோஷமான பாட்டுன்னுல்ல நினைச்சிட்டு இருந்தேன்.”

“சோகமெல்லாம் இல்ல. மெட்டு இல்லாம கேட்டா அப்படித்தான் இருக்கும்.”

அதோடு பேச்சு முடிந்தது. மறுநாள் அக்கா மறுபடியும் மேசையைத் தட்டினாள்.

அரங்கத் திறப்பு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நடந்தது. நாற்காலிகள் புதியவை. சுவரில் இருந்த பழைய மின்விசிறிகளைக் காணோம். பெரியவள் நாலாவது வரிசையில் உட்கார்ந்தாள். மாஸ்டர் பேத்தியின் கீபோர்டைக் கொண்டுவந்திருந்தார். அறிவிப்பாளரிடம் இருந்த காகிதத்தில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. “இதோ, நம் எல்லோரையும் மயக்கிய பெரியவள்” என்று படித்தார். சின்னவள் மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் பாட்டை ஆரம்பித்துவிட்டார்.

முதல் சரணம் வரை அவள் அக்காவின் வழியிலேயே போனாள். இரண்டாவது சரணத்தில் வழுக்கிக் கீழே வந்துவிட்டாள். மாஸ்டர் அதைக் கவனித்து, ஒன்றும் நடக்காதது போல வலது கையில் மெட்டை எடுத்துக்கொண்டார். கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. நாலாவது வரிசையில் ஒருத்திக்குத் தெரிந்தது. பாட்டு முடிந்ததும் நன்றாகவே கைதட்டினார்கள்.

வெளியே ஒரு பெரியவர் ஊன்றுகோலோடு வந்து சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டார். “குரல் கொஞ்சம் மாறியிருக்கு, ஆனா நீங்க பாடுற விதம் அப்படியே இருக்கும்மா. பக்கத்துல இன்னொருத்தர் நிப்பாங்களே, உங்க தங்கச்சி. அவங்க நல்லா இருக்காங்களா?”

“நல்லா இருக்காங்க” என்றாள் சின்னவள். “ஆஸ்பத்திரியில வேலை.”

பக்கத்தில் நின்ற அக்கா கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள்.

பேருந்தில் உட்கார்ந்ததும் கேட்டாள். “நான் பெரியவ இல்லைன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னா விளக்கணும். காலு வலிச்சுது.”

இரண்டு நாள் அக்கா பேசவில்லை. சின்னவளும் போய்ச் சமாதானம் சொல்லவில்லை. தப்புச் செய்ததாக அவளுக்குத் தோன்றவில்லை, சரியாகச் செய்ததாகவும் தோன்றவில்லை. திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் அவள் குரல் கொஞ்சம் உயரமாகவே இருந்ததாக மருந்து கொடுக்கும் நர்ஸ் சொன்னாள். மூன்றாவது நாள் காலையில் அக்கா நூல் கோத்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

“என் பேர்ல பாடுறதுன்னா ரெண்டாவது சரணத்தையும் ஒழுங்கா பாடு. பாதியில விட்டா பேர் எனக்குத்தான் கெடும்.”

அரங்கத்தின் மேலாளருக்கு நிகழ்ச்சி பிடித்திருந்தது. மாதம் ஒரு சனிக்கிழமை வந்து பாடச் சொன்னார். சின்னவளும் மாஸ்டரும் ஏழு மாதம் போனார்கள். எந்தப் பாட்டு, எந்த வரிசையில் என்று அக்கா வீட்டிலிருந்தே சொல்லி அனுப்புவாள். கீழ்க்குரல் பாட ஆள் இல்லாததால் அதை மாஸ்டர் கீபோர்டில் வாசித்தார். அவர் வாசிப்பது தப்பு என்று சின்னவள் ஒவ்வொரு தடவையும் திருத்தினாள். “நான் எழுதிக் கொடுத்த சுரம்தானே இது” என்பார் அவர். “நீங்க எழுதினது அப்படி. நான் பாடினது இப்படி” என்பாள் அவள். அறிவிப்புக் காகிதத்தில் பெயரை மாற்றச் சொல்லி மூன்றாவது மாதம் மாஸ்டரே போய்ச் சொன்னார். அதன்பிறகு ‘சின்னவள்’ என்று படித்தார்கள். கைதட்டல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

எட்டாவது மாதம் மேலாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, இனிமேல் அந்தச் சனிக்கிழமையை வேறு ஒருவருக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னார்.

“காரணம் சொன்னாரா?” என்றாள் அக்கா.

“கூட்டம் குறையுதாம்.”

“குறைஞ்சுதா?”

“குறைஞ்சுதான் போச்சு. போன தடவை மொத்தமே முப்பது பேர். அதுல ரெண்டு பேர் தூங்கிட்டாங்க.”

அக்கா யோசித்தாள். “யாருக்குக் குடுத்திருக்காங்களாம்?”

“யாரோ நகைச்சுவையா பேசுறவராம்.”

அந்தச் சனிக்கிழமை இருவரும் வேறு வேலை இல்லாததால் போய்ப் பார்த்தார்கள். பின்வரிசையில்தான் இடம் கிடைத்தது. பேசியவர் மெலிந்த ஆள். மனைவியைப் பற்றியும் பல் வைத்தியரைப் பற்றியும் ஒரு மணி நேரம் பேசினார். சின்னவள் ஐந்தாறு தடவை சிரித்தாள். அக்கா இரண்டு தடவை சிரித்தாள், இரண்டாவது தடவை சத்தமாகவே.

“நல்லாத்தான் பேசுறான்” என்றாள் வெளியே வந்ததும். பேருந்து வர நேரமிருந்தது. நிறுத்தத்தின் பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டார்கள்.