‘மஸிலன்ட்’ என்றார் மனேஜர்

“எழும்பு மச்சான், படுத்தது காணும்” என்று நெல் மூட்டையைத் தட்டிவிட்டுத்தான் பளீல் காக்கா அதைத் தோளுக்கு ஏற்றுவார். கல்முனை பஸாரில் மூட்டை சுமக்கும் நாட்டாமைமாரில் அவரளவு மெலிந்தவர் இல்லை. சாரன் நழுவாதிருக்க அகலமான பச்சைப் பெல்ட்டை இறுக்கிக் கட்டுவார். அப்போதும் பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு கை போகும். “காத்தடிச்சா பளீல் பறந்திருவான்” என்று யாரும் கேலி செய்தால், “அதுக்குத்தானேடா மூட்டையத் தூக்குறன்!” என்பார்.

போன மாதம் இறந்த என் வாப்பாவின் ஜனாஸாவை அடக்கம் செய்ய மையவாடிக்கு எடுத்துச் சென்றபோது, தோள் மாற்ற வந்தவர்களைத் தலையசைத்து அனுப்பிவிட்டுக் கடைசிவரை சுமந்தவர் அவர்.

இந்த அறுவடைக்குப் புதிதாகத் திறந்த நெற்களஞ்சியத்தில் நாட்டாமை வேலைக்கு ஆள் எடுத்தார்கள். காக்காவும் போய் நின்றார். கொழும்பிலிருந்து வந்த மனேஜர் அவரை மேலும் கீழும் பார்த்தார். “மஸிலன்ட்” என்று சொல்லிச் சிரித்தார். கிளாக்கர்மாரும் சிரித்தார்கள். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வந்ததும் காக்கா, கிளாக்கர் சரீபைப் பிடித்தாராம்.

“என்னடா சொன்னாரு?”

“எனக்கும் தெரியா காக்கா. அவர் சிரிச்சாரு, நாங்களும் சிரிச்சம்.”

பொழுதுபடுமுன் பஸார் அந்தச் சொல்லை நோயாக்கிவிட்டது. ‘பளீலுக்கு ஏதோ இங்கிலீசு வருத்தமாம்.’ மறுநாள் எந்தக் கடைக்காரரும் அவரை மூட்டைக்குக் கூப்பிடவில்லை. தேநீர்க்கடையில் அவருக்கு மட்டும் சிரட்டையில் தேநீர் வந்தது. அதைத் தொடாமல் எழுந்து என் வீட்டுக்கு வந்தார்.

“தம்பி, நீங்க காலேஜில படிச்சவங்க. அது வருத்தமா, ஏச்சா?”

தடித்த அகராதியைப் புரட்டினேன். மெலிந்த, சதைப்பற்றில்லாத. அவ்வளவுதான். இப்போது வழக்கில் அரிது என்றும் போட்டிருந்தது. ஆங்கிலப் புத்தகங்களோடு வருடக்கணக்காகக் கிடந்த நான் ஒருநாளும் அதைக் கண்டதில்லை. ஆங்கிலேயரே கைவிட்ட சொல்லைத் தூசு தட்டி எடுத்துவந்து, சோற்றுக்கு உழைக்கும் ஒரு மனிதனின்மேல் எறிவதற்கா இவர்கள் படித்தார்கள்? எல்லாரும் அறிந்த ‘தின்’ (thin) என்ற இங்கிலீசுச் சொல்லென்றால் கிளாக்கருக்காவது விளங்கியிருக்கும்.

பொருளைச் சொன்னேன். காக்காவின் முகம் சிவந்தது.

“ஒல்லியெண்டு நம்மட தமிழில சொல்லியிருந்தா, ‘ஓம் சேர், ஒல்லிதான், மூட்டையத் தந்து பாருங்க’ எண்டு சொல்லியிருப்பனே! மறுமொழி சொல்ல ஏலாத சொல்லால அடிச்சிப்போட்டாரே!”

விறுவிறுவென்று களஞ்சியத்துக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். வாசலில் வண்டியிலிருந்து நெல் இறங்கிக்கொண்டிருந்தது. காக்கா குனிந்து ஒரு மூட்டையை முதுகில் வாங்கினார், நேரே மனேஜரின் மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

“இப்ப சொல்லுங்க சேர், தமிழில.”

மனேஜர் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தார். “இறக்கு! மூட்டையை இறக்கு!” என்று பிழையில்லாத தமிழில் கத்தினார்.

காக்கா இறக்கவில்லை. கழுத்து நரம்பு புடைக்க, உள்ளே அடுக்கியிருந்த மூட்டைகளின் பக்கம் மெல்லத் திரும்பினார்.

“எந்த அடுக்கில, சேர்?”