ரப்பர் எழுதிய எட்டு விநாடி

என் அக்கா வீட்டுக்காரரை எங்கள் இசைக்குழுவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ரப்பர் என்பார்கள். யாரோ எழுதும் இசையை அறுபது பேருக்கும் தனித்தனித் தாளில் பிரித்து எழுதுவது அவர் வேலை. சட்டைப்பையில் எப்போதும் ஒரு ரப்பர் இருக்கும். பக்கம் புரட்டும் இடத்தில் வாசிப்பவன் கை காலியாக இருக்கும்படி பார்த்து எழுதுவார், அதை ஒத்துக்கொள்கிறேன். மற்றபடி வாய்ச்சவடால்தான். இருபத்திரண்டு வருஷமாகச் சாப்பாட்டு மேஜையில் ஒரே பல்லவி: உலகத்தில் எவனுக்கும் எழுதத் தெரியவில்லையாம், தன்னிடம் கொடுத்துப் பார்க்கட்டுமாம். அக்கா அதையும் நம்பிக்கொண்டிருந்தாள்.

கொடுத்தும் விட்டார்கள். வழக்கமாக எழுதுபவர் கையை முறித்துக்கொண்டார். ஒரு டிஜே கம்ப்யூட்டரில் செய்த டான்ஸ் பாட்டை, வயலினும் புல்லாங்குழலுமாக நாங்கள் வாசிப்பதுபோல் மாற்ற வேண்டும். டொம் டொம் என்று இடிப்பதெல்லாம் பாட்டா என்று ரப்பர் மூக்கைச் சுளித்தார். ஆனால் நிகழ்ச்சித் தாளில் முதல்முறையாக அவர் பெயர் அச்சாகும். அக்கா மூன்று வாரம் முன்பே முன்வரிசையில் இடம் சொல்லிவைத்தாள்.

அந்தப் பாட்டின் நடுவே சத்தம் ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நின்றுவிடும். எட்டு விநாடி ஒன்றுமே கிடையாது. பிறகு தாளம் தொப்பென்று விழும். ஆடுகிறவர்கள் காத்திருப்பதே அதற்குத்தான். பச்சைக் குழந்தைக்கும் புரியும். நம் மேதைக்கு மட்டும், டிஜேவுக்குச் சரக்கு தீர்ந்துபோன இடமாக அது தெரிந்தது. காய்ந்த மாடு கம்பங்கொல்லையில் புகுந்த மாதிரி புகுந்தார். இருபத்திரண்டு வருஷம் சேர்த்துவைத்ததையெல்லாம் அந்த எட்டு விநாடியில் கொட்டினார். எப்போதும் அடியில் உறுமிக்கொண்டு மட்டும் இருக்கும் என் பெரிய பாஸ் வயலினுக்குக்கூட ஒரு பாட்டு வைத்திருந்தார். இரண்டு வாரம் விரல் தேயப் பழகினேன், திட்டிக்கொண்டே.

ஒத்திகைக்கு வந்த டிஜே முழுவதும் கேட்டுவிட்டு நெற்றியைச் சொறிந்தார்.

“சார், எல்லாம் ரொம்ப நல்லாருக்கு. அந்த எட்டு செகண்டு மட்டும் எல்லாரும் சும்மா இருந்துட்டா போதும்.”

முதலில் சிரித்தவன் நான். சாப்பாட்டு இடைவேளையில் ரப்பர் நாற்காலி நாற்காலியாகப் போய் அறுபது தாளிலும் அந்த இடத்தை அழித்தார். நான் சாப்பிட்டபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிகழ்ச்சியில் சத்தம் ஏறி நின்றது. எட்டு விநாடி அரங்கில் ஒரு இருமல்கூட இல்லை. தாளம் விழுந்ததும் கூட்டம் எழுந்து ஆடியது. மூலப் பாட்டைக் கேட்டே இராத ஒரு விமர்சகர், மறுநாள் பத்திரிகையில் ரப்பரின் துணிச்சலான மௌனத்தைப் புகழ்ந்து தள்ளியிருந்தார். மானத்தை வாங்கலாம் என்று பத்திரிகையோடு அக்கா வீட்டுக்குப் போனேன்.

அக்கா எனக்கு வேலையே வைக்கவில்லை. பத்திரிகையைப் படித்துவிட்டு நேராக அவரையே கேட்டாள்.

“அங்கதான் ஒண்ணுமே கேக்கலையே. அதுல நீங்க என்னங்க எழுதினீங்க?”

“எழுதினேன். அப்புறம் அழிச்சிட்டேன்,” என்றார்.

“அழிச்சது எப்படி இருக்கும்?”

அவர் மேஜையில் விரலால் தட்டிக்கொண்டு, கரகரத்த குரலில் முனக ஆரம்பித்தார். வயலின், புல்லாங்குழல், ஒவ்வொன்றாக. அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். சனியன், நன்றாகத்தான் இருந்தது. என் பாஸ் வயலின் நுழையும் இடத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

பாடித் தொலைத்தேன்.