இரகசியப் பொத்தான்

மாமி யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி, பிறகு பஸ்ஸேறி, வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்த அன்று குளித்துச் சாப்பிட்ட கையோடு முன்னறைக்குப் போய் மின்விசிறியைப் போடுவதும் நிறுத்துவதுமாக நின்றார். சுவிட்ச் பழுதா என்று கேட்டேன்.

"இல்லைப் பிள்ளை, சும்மா பாக்கிறன்."

மாமி என் கணவரின் தாயார். முப்பது வருடம் பெண்கள் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். அவருடைய ஊரில் சண்டையால் கரண்ட் நின்று ஐந்தாறு வருடமாகியிருந்தது. டோர்ச் பற்றரிகூட அங்கே தடைசெய்யப்பட்ட சாமான். பழைய பற்றரிகளை வெயிலில் காயவைத்து உயிர்கொடுத்ததையும், சைக்கிள் டைனமோவில் ரேடியோவைக் கொழுவிச் செய்தி கேட்டதையும் அவர் ஒருநாளும் கஷ்டக் கதையாகச் சொன்னதில்லை. எத்தனை நிமிடம் மிதித்தால் ரேடியோ எவ்வளவு நேரம் பாடும் என்று செய்முறைப் பரீட்சைக்கு விளக்குவது போலத்தான் சொல்வார்.

நாங்கள் இருந்தது கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு பெரிய வீட்டின் அனெக்ஸில். முன்னறை, ஒரு படுக்கையறை, அலுமாரியளவு குசினி. ரயில் போனால் கோப்பைகள் ஒன்றோடொன்று கதைக்கும். கணவர் கப்பல் கம்பனி ஒன்றில் கிளார்க். நான் கோட்டையில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் வேலை செய்தேன்.

வந்து இரண்டு கிழமைக்குள் மாமி காலி வீதியில் நானாவின் கடையைக் கண்டுபிடித்துவிட்டார். நானா அந்தக் கடையின் முஸ்லிம் முதலாளி. துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆட்கள் கொண்டுவரும் சாமான்களை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருப்பார். அவர் எதையும் விற்க முயன்று நான் பார்க்கவில்லை. "வாங்க வாணாம் டீச்சர், சும்மா பாருங்க" என்று பெட்டியைத் திறந்து மாமியின் கையில் வைப்பார். அதற்குப் பிறகு அவர் செய்ய வேறொன்றும் இருக்காது.

முதலில் வந்தது சார்ஜ் பண்ணும் விளக்கு. அதிலேயே ரேடியோவும் இருந்தது, சைரனும் இருந்தது. அன்று பின்னேரமே மாமி அதைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டுத் திரும்பப் பூட்டினார். அடுத்து முட்டை அடிக்கும் மெஷின். பிறகு நேரம் சொல்லும் மணிக்கூடு: பொத்தானை அமத்தினால் ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் நேரம் சொல்லும். மாமி குசினியிலிருந்தபடியே அதற்கு "ஓம், ஓம்" என்று பதில் சொல்லுவார். நான்காவதாகக் கால் பிடித்துவிடும் மெஷின் ஒன்று வந்து கட்டிலுக்குக் கீழே இடம் முடிந்தபோது கணவர் வாய் திறந்தார்.

"அம்மா, இனி இந்த வீட்டுக்குள்ள பிளக் உள்ள சாமான் ஒண்டும் வரக்கூடாது. ரெண்டு பேருக்கும்தான் சொல்லுறன்."

எனக்கும் சேர்த்துச் சொன்னது நியாயம்தான். மாமியைக் கடைக்குக் கூட்டிப்போவது நான். மாமிக்குத் துணையாகப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் அவரைவிட அதிக நேரம் நின்றவளும் நான்.

அப்போது எங்கள் கந்தோரில் மனேஜர் சேர்ட் பொக்கற்றிலிருந்து சின்னக் கறுப்புப் பெட்டி ஒன்றை எடுப்பார். மூடி கிளிக்கென்று திறக்கும். இரண்டு பொத்தானை அமத்துவார், யாருடைய டெலிபோன் நம்பரோ திரையில் வந்து நிற்கும். டிஜிட்டல் டயறி என்றார்கள். அந்தக் கிளிக் என்ற சத்தம் என்னை விடவில்லை. தட்டெழுதிக்கொண்டிருக்கும்போதும் கேட்டது, பஸ்ஸிலும் கேட்டது. ஒரு சனிக்கிழமை அதே பெட்டி நானாவின் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது.

"மாமி, அவர் ஏசுவார்" என்றேன்.

மாமி அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "இதுக்குப் பிளக் இல்லையே, பிள்ளை" என்றார்.

அப்படித்தான் அது என் கைப்பைக்குள் வந்தது. ஐம்பது பேருடைய நம்பர் கொள்ளும் என்று பெட்டியில் எழுதியிருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்த எல்லோரையும் பதிந்தேன். பதினொரு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் காஸ் சிலிண்டர் கொண்டுவருபவர், ஒன்று எங்கள் சொந்த வீட்டு நம்பர்.

அதில் திறப்பின், அதாவது சாவியின், படம் போட்ட ஒரு பொத்தான் இருந்தது. அதை அமத்தி ஒரு கடவுச்சொல் கொடுத்தால் வேறு யாரும் பார்க்க முடியாத ஒரு பக்கம் திறக்கும். இரகசியங்களுக்கான பக்கம். எனக்கு அப்படி ஓர் இரகசியமும் இருக்கவில்லை. ஆனால் அவ்வளவு அழகாக ஒரு பொத்தானைச் செய்து வைத்திருக்கும்போது அதைச் சும்மா விடவும் மனம் வரவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு, வாங்க ஆசைப்படும் சாமான்களின் பட்டியலை அதற்குள் எழுதத் தொடங்கினேன். மைக்ரோவேவ். சான்ட்விச் டோஸ்டர். வயரில்லாத டெலிபோன். பெரிய ரைஸ் குக்கர். தமிழ் எழுத்து அதில் இல்லை. எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தில். எழுதியவுடன் அரைவாசி வாங்கிவிட்டது போலிருந்தது.

கணவருக்கு அந்த டயறி பற்றி ஒன்றும் தெரியாமல் இரண்டு மாதம் போனது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பொலிஸார் ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள். தமிழர் இருக்கும் ஒழுங்கைகளில் அது புதிதல்ல. அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு எல்லாவற்றையும் மேசையில் எடுத்து வைத்துவிட்டு, இடியப்பத்தை மூடிவிட்டுக் காத்திருந்தோம். எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் இரண்டு பேர். ஐம்பது வயது மதிக்கத்தக்க, மூக்கில் கண்ணாடி வைத்த சார்ஜன்ட் ஒருவர். மெல்லிய இளம் கான்ஸ்டபிள் ஒருவர்.

சார்ஜன்ட் பதிவுத் துண்டுகளைப் பார்த்தார். கான்ஸ்டபிள் அரிசிப் பேணியைத் திறந்தார், அலுமாரிக்கு மேலிருந்த கணவரின் சூட்கேஸை இறக்கிக் கட்டிலில் கொட்டினார். ராக்கையிலிருந்த மணிக்கூட்டின் பொத்தானை அமத்தினார். அது நேரம் சொன்னது. அவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, அதை இரண்டு நிமிடம் திருத்தி வைத்தார்.

கடைசியாக என் கைப்பை. கான்ஸ்டபிள் கறுப்புப் பெட்டியை எடுத்துச் சார்ஜன்டிடம் கொடுத்தார்.

"நோனா, மே மொகக்த?"

இது என்ன என்று கேட்டவருக்கு, டெலிபோன் நம்பர் எழுதி வைக்கும் டயறி என்று சிங்களத்தில் சொன்னேன்.

"உன்னட்ட எப்ப இது?" என்று தமிழில் கேட்டது என் கணவர்.

சார்ஜன்ட் மூடியைத் திறந்தார். பதினொரு பேரையும் ஒவ்வொருவராக விசாரித்தார். கனடா நம்பர் யாருடையது என்றார், அண்ணாவுடையது என்றேன். பிறகு அவருடைய தடித்த விரல் திறப்பின் படத்துக்கு வந்து நின்றது. அமத்தினார். திரை கடவுச்சொல் கேட்டது. அவர் முகம் மாறிவிட்டது.

"திறங்க" என்றார், தமிழில்.

அந்த நாட்களில் ஒரு சின்னச் சந்தேகத்துக்கே ஸ்டேஷனில் இரண்டு மூன்று நாள் இருக்க வேண்டி வரும். அந்த நினைப்பே என் மூளையைத் துடைத்துவிட்டது. நானே போட்ட இலக்கங்களில் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. ஒருமுறை அமத்தினேன், பிழை. இரண்டாம் முறையும் பிழை. கான்ஸ்டபிள் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"இஞ்ச தா பிள்ளை" என்று மாமி கையை நீட்டினார். வாங்கி நான்கு இலக்கங்களை அமத்தினார். பக்கம் திறந்தது.

நான் அவரையே பார்த்தேன். யாருக்கும் அதை நான் சொன்னதில்லை.

"கலியாண நாளைத் திருப்பிப் போட்டிருக்கிறாய்" என்றார் மாமி. "எனக்கு ரெண்டு நாள் எடுத்தது."

சார்ஜன்ட் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொரு எழுத்தாக உரத்து வாசித்தார். மைக்ரோவேவ். சான்ட்விச் டோஸ்டர். என்ன இது என்று கேட்டார். வாங்க விருப்பமான சாமான்கள் என்றேன், கணவரின் பக்கம் திரும்பாமல். சார்ஜன்ட் கான்ஸ்டபிளைப் பார்த்தார். கான்ஸ்டபிள் இது ஏதும் சங்கேதமாக இருக்கலாம் என்பது போலத் தலையை ஆட்டினார். சார்ஜன்ட் தொடர்ந்து வாசித்தார். பெரிய ரைஸ் குக்கர். இடியப்பம் பிழியும் மெஷின், மோட்டர் உள்ளது. அதை நான் எழுதவில்லை. கடைசியாக, "டெலஸ்கோப்."

அதையும் நான் எழுதவில்லை.

எங்கள் ஒழுங்கை முடியும் இடத்தில் கடல். துறைமுகத்துக்குப் போகும் கப்பல்கள் அங்கிருந்து தெரியும். ஒரு தமிழ் வீட்டில் தொலைநோக்கி எதற்கு என்று ஒரு பொலிஸ்காரர் நினைப்பார் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

"டெலஸ்கோப் எதுக்கு?"

மாமி பின்வாங்கவில்லை. வகுப்பில் பதில் சொல்லும் தோரணையில், ஆங்கிலத்தில், சனிக் கிரகத்தைப் பார்க்க என்றார். சார்ஜன்டுக்கு விளங்கவில்லை. என் கணவர் சிங்களத்தில் சொன்னார்: "செனசுறா பலன்ட."

"முப்பது வருசம் கரும்பலகையில அந்த வளையத்தைக் கீறிக் காட்டினனான்" என்று மாமி மகனிடம் சொன்னார். "ஒருக்காலும் கண்ணால கண்டதில்லை. அதையும் சொல்லு அவருக்கு."

கணவர் சொன்னார். சார்ஜன்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, களைத்துப்போன மனிதரின் சிங்களத்தில் சொன்னதை இன்றைக்கும் என்னால் அப்படியே சொல்ல முடியும். "அம்மே, எனக்கு இப்ப சனி தோஷம். வீட்டுக் கூரை ஒழுகுது, மகளுடைய கல்யாணம் தள்ளிப்போகுது, என்னை இந்தப் பக்கத்துக்கு மாற்றிப்போட்டார்கள். நீங்கள் அவரைத் தேடிப் பார்க்க வேண்டாம். அவர் எங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்."

முதலில் சிரித்தது என் கணவர். பயத்தில் அடக்கி வைத்த சிரிப்பு, இருமல் மாதிரி வந்தது. பிறகு சார்ஜன்டும் சிரித்தார். கடைசியாகக் கான்ஸ்டபிளும் சிரித்தார்.

அந்தச் சொல்லை உடனே அழித்துவிடச் சொன்னார் சார்ஜன்ட். அவருக்கு முன்னாலேயே அழித்தேன். போகிறவர் வாசலில் திரும்பி, மைக்ரோவேவில் சூடாக்கினால் சாப்பாட்டில் சத்துப் போய்விடும் என்கிறார்களே, உண்மையா என்று கேட்டார்; வீட்டில் நோனா ஒரு வருடமாக அரித்தெடுக்கிறாளாம். மாமி அவருக்குச் சாப்பாட்டிலுள்ள தண்ணீர் எப்படிச் சூடாகிறது என்று விளக்கினார், கணவர் மொழிபெயர்த்தார். சைரன் வைத்த விளக்கு எந்தக் கடையில் வாங்கியது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு போனார்.

அவர்கள் போனபின் நான் இடியப்பத்தைத் திறந்து வைத்துவிட்டு, ஏச்சுக்குக் காத்திருந்தேன். கணவர் கதிரையில் இருந்து தண்ணீர் குடித்தார்.

"பெரிய ரைஸ் குக்கர் ஏன்? நாங்கள் மூண்டு பேர்தானே."

பதில் சொல்லத் திரும்பியபோதுதான் கட்டிலைப் பார்த்தேன். சூட்கேஸிலிருந்து கொட்டிய சேர்ட்டுகளுக்கு நடுவே, பெட்டி பிரிக்காத ஒரு சாமான். காருக்குள் தூசி உறிஞ்சும் குட்டி மெஷின்.

"எங்களிட்டக் கார் இல்லையே" என்றேன்.

அவர் நிலத்தைப் பார்த்தார். "சும்மா நல்ல வடிவாயிருந்தது" என்றார். "ஒரு நாளைக்குக் கார் வாங்கினா?"

மாமி அதற்குள் பெட்டியைப் பிரிக்கத் தொடங்கியிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை முதல் தடவையாக மூன்று பேரும் சேர்ந்து நானாவின் கடைக்குப் போனோம். எங்களைக் கண்டதும் நானா நெஞ்சில் கை வைத்தார். "டீச்சர் அனுப்பினாங்க எண்டு செவ்வாக்கிழம பொலிஸ் வந்திச்சி. எனக்கு உசிரு போய் வந்திச்சி. பொறகு பாத்தா, மனுசன் லைட் வாங்க வந்திரிக்கார்."

மாமி டெலஸ்கோப்பைப் பற்றி மெதுவாக விசாரித்தார். நானா கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "டீச்சர், அத மட்டும் கேக்க வாணாம். சண்ட முடியட்டும், ஒங்களுக்கு நானே கொண்டாந்து தாறேன்." சண்டை முடியும் வரை மாமி கொழும்பில் இருக்கவில்லை. சில வருடங்களில் மகளிடம் மெல்பேர்னுக்குப் போனார்; அங்கே பாடசாலை ஒன்றில் பொதுமக்களுக்கு வானம் காட்டிய அன்று பேரப்பிள்ளை வயதுச் சிறுவர்களோடு வரிசையில் நின்று பார்த்தாராம். கடிதத்தில் ஒரே வரி: நான் கீறினது சரிதான், வளையம் மட்டும் இன்னும் மெல்லிசு.

ஆனால் அந்தச் சனிக்கிழமை எங்களுக்குத் தேவைப்பட்டது சான்ட்விச் டோஸ்டர் ஒன்றுதான். வரும் வழியிலேயே பேசி முடிவெடுத்திருந்தோம். கணவர்தான் கண்ணாடிப் பெட்டிக்குள் முதலில் கையைக் காட்டினார். அது என்ன நானா, அந்தச் சிவப்பு என்றார். "வாங்க வாணாம் மாத்தயா, சும்மா பாருங்க" என்றார் நானா. அது சோளம் பொரிக்கும் மெஷின்.

அன்று பின்னேரம் முன்னறை நிலத்தில் அதை வைத்துச் சுற்றியிருந்தோம். கணவர் விளக்கப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து ஒழுங்காக மொழிபெயர்த்து வாசித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் பக்கம் வருமுன் மாமி சோளத்தைப் போட்டு சுவிட்சையும் போட்டுவிட்டார். ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒன்று வெடித்து மின்விசிறியில் பட்டுத் தெறித்தது. அதன் பிறகு நிற்கவேயில்லை. கதிரைக்குக் கீழே, சாமிப்படத்துக்குப் பின்னால், கணவரின் சேர்ட் கொலருக்குள் எல்லாம் பொரி. நான் ஒரு சட்டியைத் தேடிக் குசினிக்கு ஓடினேன்.

"கீழ ஒரு பாத்திரம் வைக்கச் சொல்லி அஞ்சாம் பக்கத்தில போட்டிருக்கு, அம்மா" என்றார் கணவர்.

"அதை முதலாம் பக்கத்தில எல்லோ போட்டிருக்க வேணும்" என்று சொல்லிக்கொண்டே மாமி நிலத்திலிருந்து ஒன்றைப் பொறுக்கி ஊதி வாயில் போட்டார். உப்புக் காணாது என்றார்.