மைசூருக்குப் போய் வந்த தபீதாள்

இரும்புலியூர் தபீதாள் மைசூருக்குப் போகாத வருஷம் கிடையாது. ஆனால் அரண்மனைக்குள் கால் வைத்ததும் கிடையாது. தாம்பரத்திலிருந்து மைசூர், ஊட்டி என்று கிளம்பும் டூர் பஸ்ஸில் அவள் சமையல்காரி. புருஷன் ஏசுபாதம் அதே பஸ்ஸில் மைக் பிடித்துப் பேசுகிறவன். எண்பதுகளில் சேலையூர், குரோம்பேட்டை காலனிக்காரர்கள் கோடை லீவு விட்டதும் இந்த பஸ்ஸில்தான் இடம் பிடிப்பார்கள். வெளிச் சாப்பாடு வயிற்றுக்கு ஆகாது என்று பயப்படுகிற ஜனம். அதனால் அண்டா, அடுப்பு, அரிசி மூட்டை எல்லாம் கூடவே பயணம் செய்யும். தபீதாளும் அவற்றோடு சேர்த்திதான்.

ஸ்ரீரங்கப்பட்டணம் தாண்டியதும் ஏசுபாதம் மைக்கைத் தட்டுவான். "பழைய அரண்மனை மரத்துல கட்டினது சார். அரண்மனைக் கல்யாணம் ஒண்ணு நடந்தப்ப தீப்பிடிச்சி எரிஞ்சி போச்சி. அப்பறம் வெள்ளைக்காரன் பிளான் போட்டு, பதினஞ்சு வருஷமா கல்லுல எழுப்பினாங்க. கல்யாண மண்டபத்துல அண்ணாந்து பாருங்க, கூரை பூரா கலர் கண்ணாடில மயிலு."

பஸ் மொத்தமும் வாயைப் பிளக்கும். கடைசி சீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டே தபீதாளும் கேட்பாள். அந்த மயிலை ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. சேலை, நகை என்று வேறு எதற்கும் அவள் அவனை நச்சரித்ததில்லை.

ஜனம் அரண்மனை பார்க்கிற நேரம்தான் சோறு வடிக்கிற நேரமாக வந்து வாய்க்கும். பஸ் நிற்கும் மைதானத்தில் அவள் புகையோடு மல்லுக்கட்டுவாள். ஏசுபாதம் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு வாசல் பக்கம் போய்விடுவான்.

"இன்னாய்யா, நான் எப்பதான் பாக்கறது?"

"அடுத்த டிரிப்ல பாக்கலாம் தபீதா. அது எங்க ஓடிப் போவுது?"

அடுத்த டிரிப், அடுத்த டிரிப் என்றே தலை நரைத்துவிட்டது. கடைசியில் ஒரு கோடையில் அவளுக்குப் பொறுக்கவில்லை. சாப்பிட வந்தவர்கள் எதிரிலேயே கரண்டியை வீசி எறிந்தாள். "நீ மட்டும் ராஜா கணக்கா உள்ள சுத்திகினு வர்ற. நான் இங்க புகைல சாவறேன். உன் நெஞ்சுல ஈரமே இல்லய்யா."

ஏசுபாதம் கரண்டியை எடுத்துத் துடைத்து வைத்தான். ஊர் திரும்பும்வரை அவளும் முகம் கொடுக்கவில்லை. அந்த வாரமே தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை. சமாதானம் ஆகாமலே போய்ச் சேர்ந்தான்.

வயிறு என்று ஒன்று இருக்கிறதே, அது துக்கம் கேட்காது. அடுத்த கோடையில் தபீதாள் மறுபடி பஸ் ஏறினாள். புது மேனேஜர் லோகநாதன் நல்ல மாதிரி. "அக்கா, சோறு கொஞ்சம் லேட்டானா ஒண்ணும் குடி முழுகாது. நீங்க உள்ள போய்ப் பாத்துட்டு வாங்க" என்று அனுப்பிவைத்தான்.

பார்த்தாள். உயர உயரமான இரும்புத் தூண்களுக்கு மேலே கண்ணாடிக் கூரை. மயில்கள் நீலமும் பச்சையுமாக வெயிலில் எரிந்தன. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆத்திரம்தான் பொங்கியது. பாவி, இதையா இத்தனை வருஷம் என்னை விட்டுவிட்டுத் தனியாகப் பார்த்தாய்?

வெளியே வந்தவளை ஊதுபத்தி விற்கிற தமிழ்க்காரர் ஒருவர் நிறுத்தினார். "தாம்பரம் பஸ்தானே? ஏசுபாதம் அண்ணனைக் காணோமே?"

"அவரு தவறிட்டாரு. நான் அவரு சம்சாரம்."

அவர் கையிலிருந்த ஊதுபத்திக் கட்டைக் கீழே வைத்தார். பிறகு எதிர் மரத்தடியைக் காட்டினார். "அங்கதாம்மா உட்காந்திருப்பாரு. பஸ்ல வந்தவங்க செருப்பு, கேமரா எல்லாம் அவரோட காவல்ல இருக்கும்."

"எப்பனா ஒரு வாட்டி இருந்திருப்பாரு."

"எப்பவுமே அங்கதான். அவர் உள்ள போனதே கிடையாது. வெளிய வர்றவங்களைக் கேட்டுக் கேட்டுத்தான் மைக்ல பேசறேன்னு சிரிப்பாரு. ஏண்ணே நீங்க பாக்கலன்னு நான் கேட்டா, 'எங்க வூட்டுக்காரி அடுப்பாண்ட கீது, நான் மட்டும் எப்டி பாக்கறது? ரெண்டு பேருமா ஒரு நாள் பாத்துக்கறோம்'னு சொல்லுவாரு."

நெஞ்சில் ஈரம் இல்லை என்று அத்தனை பேர் எதிரில் சொன்னாளே, அதை இனி யாரிடம் போய்த் திருப்பி வாங்குவாள்? தபீதாள் அந்த மரத்தடியில் போய் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அவன் பார்க்காமல் வைத்திருந்த மயிலை அவள் மட்டும் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.