செல்லியம்மாளின் தீட்டு லீவு

எங்கள் விடுதி வார்டன் தாண்டவராயன் பகுத்தறிவாளர். தனக்கு லாபமில்லாத நம்பிக்கை எல்லாம் அவருக்கு மூடநம்பிக்கை. மலைப்பிள்ளைகள் தங்கிப் படித்த அந்தப் பள்ளியில் நான் கணக்கு வாத்தியார். செல்லியம்மாள் சமையல்காரி, தினக்கூலி. ஆறு வருடமாக நாள் தவறாமல் வருகிறவளுக்கு அரசாங்கம் வைத்த பெயர் ‘தற்காலிகம்’.

எண்பத்திரண்டில் அவளும் சாந்தம்மாள் டீச்சரும் ஒரே நேரத்தில் முழுகாமல் இருந்தார்கள். டீச்சருக்கு மூன்று மாதம் சம்பளத்தோடு விடுப்பு. கண்ணமங்கலத்துத் தாய்வீட்டில் பத்தியச் சோறு. நன்றாக இருக்கட்டும், எனக்கொன்றும் வயிற்றெரிச்சல் இல்லை. செல்லியம்மாள் கேட்டபோது மட்டும் வார்டன் சட்டம் பேசினார்.

“தினக்கூலிக்கு ஏதும்மா லீவு? வந்தா கூலி, வராட்டி இல்ல.”

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக்கூடாதா? பேப்பரில் படித்ததை அவளிடம் சொல்லித் தொலைத்தேன். சுவீடன் என்று ஒரு நாடு. அங்கே பிள்ளை பெற்றால் மாதக்கணக்கில் சம்பளத்தோடு லீவாம். அதை அப்பன்கூட எடுத்துக்கொள்ளலாமாம். செல்லியம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“ஆம்பளைக்கு இன்னாத்துக்குங்க லீவு? எங்கூட்டுக்காரரு வருசம் பூரா லீவுலதான் கீறாரு. சம்பளந்தான் யாரும் குடுக்கல.”

மலை கொடுத்த லீவு ஒன்று அவளுக்கு உண்டு. பிள்ளை பெற்றவளை ஊருக்கு வெளியே தனிக்குடிசையில் வைப்பார்கள். ஒரு மாதம் அவள் கையால் யாரும் பச்சைத் தண்ணீர்கூட வாங்கமாட்டார்கள். அன்பினால் அல்ல, தீட்டினால். குடிசை ஒழுகும். ஆனாலும் அந்த ஒரு மாதம் அவளை அடுப்படிக்கு வா என்று யாரும் கூப்பிட முடியாது.

செல்லியம்மாளுக்குப் பெண் பிறந்தது. சமையலுக்கு வார்டன் போளூரிலிருந்து தன் மச்சினியைக் கொண்டுவந்தார். அந்தம்மா மலைக்குளிர் தாங்காமல் ஒரே வாரத்தில் மூட்டையைக் கட்டினாள். உடனே தனிக்குடிசைக்கு ஆள் போனது: நாளைக்கு வராவிட்டால் வேலை கிடையாது. குடிகாரப் புருஷனை நம்பி அவள் வேலையை விட முடியுமா? பச்சை உடம்போடு, குழந்தையைத் துணியில் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஐயா, நான் ஆக்கினா பசங்க துன்னமாட்டாங்க. தீட்டுங்க.”

“எல்லாம் மூடநம்பிக்கை. பசி வந்தா பத்தும் பறந்துபோகும். போய் அடுப்பப் பத்தவை” என்றார் வார்டன்.

பற்றவைத்தாள். பிள்ளைகள் தட்டின் முன்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தன்கூடக் களியைத் தொடவில்லை. மறுநாள் காலையில் பெற்றவர்கள் வந்து, அவரவர் பிள்ளையைக் கையைப் பிடித்து அழைத்துப் போய்விட்டார்கள். பத்து பறந்ததோ இல்லையோ, விடுதியே பறந்துவிட்டது. அந்த வெள்ளிக்கிழமைதான் பிள்ளைகளின் தலையை எண்ண மேலதிகாரி வருவதாக இருந்தது.

பகுத்தறிவுக்கு வியர்த்துக் கொட்டியது. வார்டனே அடுப்படிக்கு வந்தார்.

“செல்லியம்மா, நீ வூட்டுக்குப் போய் ஓய்வெடும்மா. உன் நாத்தனா பெரியம்மாள அனுப்பு. தீட்டு கழிஞ்சப்புறம் வா, வேலை உனக்குத்தான்.”

“சம்பளங்க?”

“ஆக்குறவளுக்குத்தானேம்மா சம்பளம்.”

“அவளுக்குக் குடுங்க. எனக்கு?”

“சட்டத்துல எடமில்லம்மா.”

செல்லியம்மாள் குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

“அப்ப நாளைக்கும் நானே ஆக்கறேங்க” என்று சொல்லிவிட்டு, விறகை அடுப்புக்குள் தள்ளினாள்.

“இரும்மா, இரும்மா!” வார்டனின் கை தானாகச் சட்டைப்பைக்குள் போனது.